காரம் ஒரு ஸ்பூன்

செருப்பை உள்ளயே விடுங்க தம்பி. வெளிய விட்டா தெரு நாய் ஒண்ணைத் தூக்கிட்டு ஒண்ணை வச்சுட்டுப் போயிரும். உக்காருங்க. வண்ண மீன் கடையிலேர்ந்து நேராவா வர்றீங்க? சரி. பையை இப்பவே திறக்க வேண்டாம். முதல்ல நான் சொல்றதைக் கேட்டுருங்க, அப்புறம் சோதனை வச்சுக்கலாம். ஸ்கூல்லயும் நான் அப்படித்தான். பாடம் முடிக்காம ஒருத்தனையும் லேபுக்குள்ள விட மாட்டேன்.

உங்க முதலாளிக்கு நாலு தடவை ஃபோன் போட்டேன். நாலு தடவையும் "ஆள் அனுப்புறேன் சார்"னாரு. அனுப்புனாரே, அது வரைக்கும் சந்தோஷம். என் புகார் ரெண்டு. ஒண்ணு, தொட்டித் தண்ணியைச் சோதிக்க நீங்க குடுத்த சொட்டு மருந்து போலி. ரெண்டு, நீங்க குடுத்த கடல் உப்பு மட்டம். அதோ பாருங்க தொட்டியை. மூணு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு அப்படியே வாயடைச்சுப் போயிருப்பீங்க. பதினோரு பவளம் இருந்துச்சு. உயிரோட. எல்லாம் வெளிநாட்டுப் பண்ணையில வளர்த்து வந்த துண்டுங்க, ரசீது வச்சிருக்கேன், நம்ம கடல்ல ஒடிச்சது ஒண்ணும் கிடையாது. பதினொண்ணுல பத்து போச்சு. இப்ப இருக்கிறது அந்த ஊதா ஒண்ணுதான். அதுவும் நுனியெல்லாம் வெளுத்துக்கிட்டு வருது. அது போச்சுன்னா நான் இந்தத் தொட்டியை உடைச்சு மொட்டை மாடியில போட்டுருவேன். சும்மா சொல்லலை.

என் பேரு நல்லுசாமி. பிளஸ் டூ வேதியியல். முப்பத்திநாலு வருஷம் இதே திருச்சியில. பசங்க எனக்கு வச்ச பேரு 'ஒரு சொட்டு'. ஏன்னா பியூரெட்டைத் திறக்கும்போது பின்னாடி நின்னு "ஒரு சொட்டு தப்பினா மொத்தமும் தப்பு"ன்னு கத்துவேன். நிறம் மாறுற அந்தச் சொட்டு இருக்கே, அதைப் பிடிக்கிறதுதான் வேலை. அதுக்கு முந்தின சொட்டும் தப்பு, அடுத்த சொட்டும் தப்பு. முப்பத்திநாலு வருஷம் அந்த ஒரு சொட்டைப் பாத்தே வாழ்ந்தவன் நான். அதைத்தான் உங்க முதலாளிகிட்ட சொன்னேன். "சார், ஒருவேளை நீங்க பாக்குறதுல"ன்னு இழுத்தாரு. ஃபோனை வச்சுட்டேன்.

ரிட்டயர் ஆன வருஷம் தொட்டி வாங்குனேன். எல்லாரும் கோயில் குளம்னு கிளம்புனாங்க, நான் இதுல உக்காந்தேன். கடல்தண்ணிக்கு உயிரே காரம்தான். பவளம் தன் எலும்பைக் கட்டுறதுக்குத் தண்ணியிலேர்ந்து அதை எடுத்துக்கிட்டே இருக்கும். குறையக் குறைய நாம போட்டுக்கிட்டே இருக்கணும். நீங்க கடையில கேஹெச்னு சொல்றீங்க. நான் தமிழ் மீடியம். அமிலம், காரம். அவ்வளவுதான் எனக்கு. வருஷா வருஷம் முதல் நாள் பாடத்துல எவனாவது ஒருத்தன் "சார், காரம்னா மிளகாய்ப்பொடியா?"ன்னு கேப்பான். வகுப்பே சிரிக்கும். முப்பத்திநாலு வருஷம் அதே ஜோக்கு. நானும் முப்பத்திநாலு வருஷம் அவனை வெளிய நிக்க வச்சேன்.

காரம் எவ்வளவு வைக்கலாம்னு ஒருத்தன் ஏழுங்கிறான், ஒருத்தன் ஒன்பதுங்கிறான், இன்னொருத்தன் பதினொண்ணு வரைக்கும் ஏத்துங்கிறான். நான் எல்லாத்தையும் படிச்சுட்டு எட்டுன்னு முடிவு பண்ணுனேன். எட்டுன்னா எட்டு. எவ்வளவு வைக்கிறோம்ங்கிறது பெருசில்லை தம்பி, வச்சதை ஆடாம வைக்கணும். இன்னிக்கு ஏழு, நாளைக்குப் பத்துன்னா எந்த உயிரு தாங்கும்?

தினமும் காலையில காபிக்கு முன்னாடி சோதனை. அஞ்சு மில்லி தண்ணி, சொட்டு ஒண்ணொண்ணா. முதல் சொட்டுல நீலமாகும். எத்தனையாவது சொட்டுல மஞ்சளாகுதோ அதுதான் காரம். உங்களுக்குத் தெரிஞ்சதுதான். எனக்கு ஆறாவது சொட்டுல மாறும். நேத்து ஆறு. முந்தாநாள் ஆறு. போன தீபாவளிக்கும் ஆறு. ரெண்டு வருஷமா ஆறு. ஏன் அப்படிப் பாக்குறீங்க? அதான் நிதானமான கை. எட்டு வேணும், ஆறுதான் இருக்கு, அப்ப மூணு ஸ்பூன் போடணும். தினமும் மூணு ஸ்பூன் போட்டும் மறுநாள் ஆறுக்கே வந்து நிக்குது பாருங்க, அவ்வளவு வேகமா தின்னுச்சுங்க என் பவளமெல்லாம். அப்படி வளர்ந்துச்சுங்க. பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் வந்து ஃபோட்டோ எடுத்துட்டுப் போனாரு.

போடுறது நான் இல்லை. அளக்கிறவன் கலக்கக் கூடாது, அது லேப் ஒழுக்கம். ஸ்கூல்ல கலக்குறதுக்கு அட்டெண்டர் இருந்தான். வீட்டுல மருமகள். பேரு சுகந்தி. நான் தொட்டிக்கு எதிர்ல இந்த நாற்காலியில உக்காந்து, "காரம் ஆறு, மூணு ஸ்பூன்"னு சொல்லுவேன். அவ சொம்புல தண்ணி எடுத்து, சோடாப்பொடியைக் கரைச்சு, பின்பக்கமா மெதுவா ஊத்துவா. "போட்டியாம்மா?"ம்பேன். "போட்டாச்சு மாமா"ம்பா. ரெண்டு வருஷம். ஒரு நாள் தவறுனதில்லை. நல்ல பொண்ணுதான், நான் இல்லைன்னு சொல்லலை.

ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை அவளுக்கு. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவுறாளோ இல்லையோ, தொட்டிகிட்ட வந்து அவளும் ஒரு குழாயில தண்ணி எடுத்துச் சொட்டு விட்டுப் பாப்பா. ஏம்மா, காலையிலதான் நான் பாத்துட்டேனே, எதுக்கு மருந்தை வீணாக்குறேன்னு கேட்டேன். "சும்மா கத்துக்கிறேன் மாமா"ன்னா. கத்துக்கட்டும்னு விட்டுட்டேன். ஆர்வம் இருக்கிற பிள்ளையைத் தடுக்கக் கூடாதில்லையா. ஒரு தடவை "எவ்வளவு வந்துச்சு?"ன்னேன். "நீங்க சொன்னதேதான் மாமா"ன்னா. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு, என்கிட்ட கத்துக்கிட்ட கை ஆச்சேன்னு.

அந்த ஊதா அவ வாங்கிக் குடுத்தது. என் அறுபத்திநாலாவது பிறந்த நாளைக்கு. சுண்டுவிரல் அளவு இருந்துச்சு. அவளே பசை வச்சுக் கல்லுல ஒட்டுனா. இப்ப என் உள்ளங்கை அகலம். அது கிடக்கட்டும்.

ராஜாமணி, தம்பிக்கு டீ போடு. என் சம்சாரம்தான். சர்க்கரை போடலாம்ல உங்களுக்கு? நல்லது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்தக் காலத்துல எந்தப் பொருளும் தரமா வர்றதில்லை. உங்க மருந்தை மட்டும் சொல்லலை. இந்த ஹால் டியூப்லைட்டைப் பாருங்க. ஒரு வருஷத்துல மூணு மாத்திட்டேன். மூணும் மஞ்சளா அழுது வடியுது. வேட்டி வெளுக்கிற சோப்பு, அதுவும் அப்படித்தான். வெள்ளை வேட்டி ஊறப்போட்டா பழுப்பா வெளிய வருது. ராஜாமணி வெள்ளையாத்தான் இருக்குங்கிறா, அவ பிராண்டை மாத்த மனசில்லாம. உங்க தொட்டி விளக்கும் நீலம் குறைஞ்சு போச்சு, அதையும் எழுதிக்குங்க. பொங்கலுக்கு மருமகள் புதுச்சேலை கட்டிக்கிட்டு வந்து நின்னா. பச்சை உனக்கு நல்லா இருக்கும்மான்னேன். அவளும் ராஜாமணியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. "மாமா, இது நீலம்"னா. சாயம் அவ்வளவு மட்டம். நீலம்னு சொல்லிப் பச்சையை வித்திருக்கான்.

அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சா. "மாமா, எங்க லேப் மாடியில ஒரு கண் டாக்டர் உக்காருறார், ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமா"ன்னு. எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. நிறம் பாத்தே சோறு தின்னவன்கிட்ட வந்து கண்ணு சரியில்லைன்னா? அதுவும் யாரு? நான் சொன்னேன். "மெஷின் காட்டுற நம்பரைப் பாத்து எழுதுறவ நீ. என் கண்ணைக் குறை சொல்லாதே. உனக்கு இந்தத் தொட்டியில என்ன தெரியும்? கலக்குற வேலை, அதோட நிறுத்திக்க"ன்னேன். மறுநாள் காலையிலயும் வந்து கலக்குனா. "போட்டாச்சு மாமா"ன்னா. அதனால அவளுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன்.

பதினஞ்சு நாள்ல பையனுக்கு ஓசூருக்கு மாத்தல் வந்துச்சு. அவங்க ஆபீஸ்ல அப்படித்தான், திடீர் திடீர்னு போடுவாங்க. ராஜாமணி என்னமோ அவனே எழுதிக் கேட்டு வாங்கிட்டுப் போனான்னு சொல்லிக்கிட்டுத் திரியுறா. பொம்பளைங்களுக்கு எதைப் பாத்தாலும் ஒரு கதை வேணும்.

போகும்போது மருமகள் அத்தைகிட்ட எல்லாம் எழுதிக் குடுத்துட்டுத்தான் போனா. ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கா பாருங்க, அதோ. கேஸ் புக் பண்ற நம்பர், என் பிரஷர் மாத்திரை காலையில ஒண்ணு, பால்காரர் நம்பர். அதோட விட்டிருக்கலாம்ல? என் சாப்பாட்டுலயும் கை வச்சுட்டா. காரம் ஒரு ஸ்பூன் போதும், மாமா எவ்வளவு கேட்டாலும் போடாதீங்கன்னு எழுதிட்டுப் போயிருக்காளாம். மூணு மாசம் தம்பி. மூணு மாசமா இந்த வீட்டுல சாம்பாரு, காரக்குழம்பு, ரசம் எல்லாம் ஒரே ருசி. காரக்குழம்புன்னு பேரு, வாயில வச்சா வெந்நீரு. என்னடி இதுன்னா, "லேப்ல வேலை பாக்குற பொண்ணு, உங்க வயித்துக்கு ஏதோ பாத்துட்டுத்தான் சொல்லியிருக்கும்"ங்கிறா. நாப்பது வருஷமா என் பேச்சைக் கேட்டவ, ஒரு துண்டுத் தாளைப் பாத்துக்கிட்டு எனக்குப் பத்தியம் போடுறா. மருமகளுக்குப் பழி வாங்குறதுக்கு வேற வழி கிடைக்கலை, என் நாக்கைப் பிடிச்சுட்டா. எனக்கு அதுதான் மனசு கஷ்டமா இருக்கு. சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை.

தொட்டி விஷயத்துல மட்டும் ராஜாமணியைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது, அதனாலயே சொன்னபடி செய்வா. "ராஜாமணி, சோடா மூணு ஸ்பூன்"னா மூணு ஸ்பூன். குவிச்சு. நானே இங்கேர்ந்து பாத்தேன். அப்படியிருந்தும் மருமகள் போன பத்தாம் நாள் பவள நுனி வெளுக்க ஆரம்பிச்சுது. இருபதாம் நாள் பம்பு நின்னுச்சு. கழட்டிப் பாத்தா உள்ள சுண்ணாம்பு கல்லு மாதிரி கட்டியிருக்கு. ஒரு நாள் ராஜாமணி ஊத்துன உடனே தண்ணி மொத்தமும் பால்போல வெளுத்துச்சு. கார்பனேட்டும் கால்சியமும் அளவுக்கு மீறிச் சேர்ந்தா பால்போல வெண்மையாகும். பிளாக்போர்டுல எத்தனை தடவை எழுதியிருப்பேன். அப்ப எங்கிருந்து வந்துச்சு அந்த மிச்சக் கால்சியம்? உங்க உப்பு மூட்டையிலேர்ந்து. வேற எங்கிருந்து வரும்? காரம்தான் ஆறுக்கு மேல ஏறவே இல்லையே.

ஒவ்வொண்ணா போச்சு. வாரம் ஒண்ணு. நான் எடுத்து வெயில்ல காய வைப்பேன், ராஜாமணி பாக்கக் கூடாதுன்னு மாடியில. வியாழக்கிழமை வியாழக்கிழமை ஓசூர்லேர்ந்து ஃபோன் வரும். எனக்கு இல்லை, அத்தைக்கு. "ஊதா எப்படி இருக்கு அத்தை?"ன்னு கேப்பாளாம். என் முட்டி வலியைக் கேக்க மாட்டா. ராஜாமணி "நல்லா இருக்கும்மா"ம்பா. நான் இங்க உக்காந்து பேப்பர் படிக்கிற மாதிரி கேட்டுக்கிட்டிருப்பேன்.

சரி, பையைத் திறங்க. புது பாட்டில் கொண்டாந்தீங்களா? ரெண்டுலயும் பாப்போம், என் பழைய பாட்டில்லயும் உங்க புதுசுலயும். பக்கத்துல வெள்ளைத் தாளை வைங்க. இல்லை, குழாயை நான் பிடிக்கிறேன், நீங்க விடுங்க. ஒண்ணு. ரெண்டு. நல்லா குலுக்குங்க. மூணு. நாலு. அஞ்சு. இப்ப பாத்துக்குங்க. ஆறு. ஆச்சு. நீலம் போச்சு பாருங்க. எழுதிக்குங்க, ஆறு.

ஏன், என்ன?

போகலையா? தம்பி, வெளிச்சத்துக்கு வாங்க. இந்த டியூப்லைட்டை நம்பாதீங்க, ஜன்னல்கிட்ட வாங்க. இது மஞ்சள்தானே. மஞ்சள் இல்லைன்னாலும் மஞ்சள் வர்ற பச்சை. ராஜாமணி, டீயை அங்க வச்சுட்டு இங்க வா. இது என்ன நிறம் சொல்லு.

என்னா?

நீலமா? இங்க் மாதிரி நீலமா?

சரி, விடுங்க மேல. விடுங்க, விடுங்க, நான் எண்ணுறேன். ஏழு. எட்டு. ஒன்பது. இப்ப? பத்து. இன்னும் நீலம்தானா? ராஜாமணி, நீ கிட்ட நின்னு பாத்துச் சொல்லு. பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு. பதினாலு.

இப்பவா மஞ்சள்? எனக்கு முன்ன இருந்ததுக்கும் இப்ப இருக்கிறதுக்கும் வித்தியாசமே தெரியலை.

என் பழைய பாட்டிலையும் விடுங்க. அதுவும் பதினாலுதான் வரும்ங்கிறீங்களா? வேண்டாம் விடுங்க. நம்புறேன்.

அப்ப ரெண்டு வருஷமா? இல்லை, இருங்க. கணக்கு இடிக்குதே. ரெண்டு வருஷமா நான் ஆறுன்னு தப்பாப் பாத்து, தினம் மூணு ஸ்பூன் விழுந்திருந்தா அப்பவே எல்லாம் செத்திருக்கணும். சாகலையே. வளர்ந்துச்சே. உள்ளங்கை அகலம் வளர்ந்துச்சே. அப்ப யாரு எட்டுல வச்சிருந்தா?

ராஜாமணி. அந்த ஃபிரிட்ஜ்ல இருக்கிற தாளை எடுத்துட்டு வா.

நீங்களே படிங்க தம்பி. எழுத்து மங்கலாத் தெரியுது, பேனா சரியில்லை போல. இல்லை, கேஸ் நம்பர் வேண்டாம். அதுக்குக் கீழ. மாத்திரைக்குக் கீழ.

"அத்தை, காரம் தினம் ஒரு ஸ்பூன் போதும். மாமா மூணு கேட்டாலும் ஒண்ணுதான். கேட்டா போட்டாச்சுன்னு சொல்லிடுங்க."

மறுபடி படிங்க.

மூணு கேட்டாலும். ராஜாமணி, நான் என்னிக்குடி குழம்புக்கு மூணு ஸ்பூன்னு எண்ணிக் கேட்டிருக்கேன்? நீ ஏன் இதைக் கொண்டுபோய்க் குழம்புல போட்டே? சரி, நீ என்ன பண்ணுவே. தொட்டியில போடுறதை நீ சோடாம்பே. பையன் பவுடர்ம்பான். கடையில கேஹெச்ம்பாங்க. முப்பத்திநாலு வருஷத்துல என் பசங்களே மிளகாய்ப்பொடின்னு சிரிச்ச வார்த்தை. இந்த வீட்டுல அதுக்குக் காரம்னு சொன்னது ரெண்டே பேரு. நானும் அவளும்தான்.

அழாதே ராஜாமணி. நீ சொன்னபடிதான் செஞ்சே. ரெண்டு பேரு சொன்னபடியும் செஞ்சே. அதுதான் தப்பாப் போச்சு.

தம்பி, இந்த ஊதா பிழைக்குமா? உண்மையைச் சொல்லுங்க. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, மெதுவா இறக்குனா? ஒரே நாள்ல இறக்கக் கூடாது, அது எனக்கும் தெரியும். ரெண்டு வாரமா? சரி. நீங்க வந்து பாத்துக்குவீங்களா? நல்லது. இனிமே நீங்க பாக்குறதுதான் கணக்கு. நான் எழுதிக்கிறேன்.

டீயைக் குடிங்க, ஆறுது. உப்பைப் பத்தி முதலாளிகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பேசிக்கிறேன்.

அப்புறம் ஒரு உதவி. உங்க ஃபோன்லேர்ந்து ஓசூருக்கு ஒரு கால் போடணும். நம்பர் எனக்கு மனப்பாடம், சொல்றேன். நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லாதீங்க. கடையிலேர்ந்து பேசுறேன், சார் தொட்டிக்கு வந்தேன்னு சொல்லுங்க. ஒரு ஸ்பூன்னு எழுதியிருக்கீங்களே, அது தலைதட்டியா, குவிச்சான்னு கேளுங்க. ஊதா இருக்கான்னு கேப்பா. இருக்குன்னு சொல்லுங்க. நுனியைப் பத்தி அவ கேட்டா மட்டும் சொல்லுங்க.

அதுக்கப்புறம், ஃபோனை வைக்கிறதுக்கு முன்னாடி, அவங்க பழைய லேப் மாடியில ஒரு கண் டாக்டர் உக்காருறாராம், அவர் பேரு என்ன, எத்தனை மணிக்கு வருவாருன்னு கேட்டுக்குங்க. எனக்குன்னு சொல்ல வேண்டாம் தம்பி. உங்க கண்ணுக்குன்னு சொல்லுங்க.